ஒளியில் நகரும் கதை: கொழும்பின் வெசாக் தோரணம்

வெசாக் தோரணம் நடுத்தெருவில் நின்று கதை சொல்லும் கலை. பௌத்தர்களின் வெசாக் பண்டிகையான வைகாசிப் பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களுக்கு மட்டும், கொழும்பின் சந்திகளிலும் விகாரை முன்றல்களிலும் ஐம்பது அறுபது அடி உயரத்துக்குச் சாரம் எழும்பும். அதன் முகப்பின் நடுவே புத்தரின் உருவம், தலையைச் சுற்றி ஒளிவட்டங்கள், இரு பக்கங்களிலும் கீழேயும் சித்திரப் பலகைகள். இருட்டியதும் ஆயிரக்கணக்கான மின்குமிழ்கள் ஓடத் தொடங்கும். ஒலிபெருக்கியில் கதை சிங்களக் கவியாக வரும். கதை எந்தப் படத்துக்கு வந்திருக்கிறதோ அந்தப் படத்தில் வெளிச்சம் விழும். கடைசிப் படமும் முடிந்தால் தோரணம் முழுவதும் ஒருசேர எரிந்து, பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கும். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். அதற்கு வெகுகாலம் முன்பே, பண்டிகைக்கென்றே ஆக்கிய அசையும் படக்கதையைக் கொழும்பு மக்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கலைக்கு இடம் கொடுத்த விடுமுறை கொழும்பின் கொட்டாஞ்சேனையில் நடந்த ஒரு கலவரத்திலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கொட்டாஞ்சேனை கத்தோலிக்கர் செறிந்து வாழ்ந்த பகுதி. சிங்களவர், தமிழர், பரதர், கொழும்புச் செட்டிகள் என்று எல்லோரும் சாந்த லூசியா பேராலயத்தைச் சுற்றி இருந்தார்கள். அங்கிருந்து கொஞ்சத் தூரத்திலேயே தீபதுத்தாராம விகாரை. அதன் தலைமைப் பிக்கு மிகெட்டுவத்தே குணானந்த தேரர், 1873இல் பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களோடு நடத்திய பகிரங்க வாதத்தால் நாடெங்கும் அறியப்பட்டவர். 1883இன் தொடக்கத்தில் அவர் தம் விகாரையில் புதிய புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் விழாவைத் தொடங்கினார். வாரக்கணக்கில் பல ஊர்களிலிருந்தும் ஊர்வலங்கள் மேளதாளத்தோடு வந்தன. விழாக்காலம் நீண்டு கத்தோலிக்கரின் பெரிய வாரத்தோடு முட்டியது. மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. ஊர்வலத்தில் தங்கள் சமயத்தை இழிவுபடுத்தும் உருவங்களைக் கொண்டுவருகிறார்கள் என்ற வதந்தி பரவியது, கோயில் மணிகள் அடித்தன, கூட்டம் திரண்டு ஊர்வலத்தைத் தாக்கியது. ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள், வண்டி மாடுகளும் வெட்டப்பட்டன.

சாட்சியம் போதாது என்று எவரையும் அரசு தண்டிக்கவில்லை. பௌத்தர்களின் கோபம் அதனால்தான் முற்றியது. 1884 ஜனவரியில் அவர்கள் ஒரு பாதுகாப்புக் குழு அமைத்து, 1880இல் காலியில் வந்திறங்கிப் பௌத்தத்தைத் தழுவிய அமெரிக்கரான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்கொட்டைத் தங்கள் பேராளராக லண்டனுக்கு அனுப்பினார்கள். குடியேற்ற நாடுகளின் செயலாளர் டார்பி பிரபுவிடம் அவர் கொடுத்த கோரிக்கைகளில் ஒன்று வெசாக் பௌர்ணமியைப் பொது விடுமுறையாக்க வேண்டும் என்பது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் காலத்தில் அது நிறைவேறியது. 1885 ஏப்ரல் 28 முதல் வெசாக் விடுமுறை. அதற்கென்று கொழும்பில் ஒரு குழு வடிவமைத்த நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் நிறப் பௌத்தக் கொடியை அன்று குணானந்த தேரர் தம் கொட்டாஞ்சேனை விகாரையிலேயே ஏற்றினார். இன்று உலகெங்கும் விகாரைகளில் பறக்கும் கொடி அதுதான்.

விடுமுறை கிடைத்த பிறகு அதைத் தெருவில் எப்படிக் கொண்டாடுவது என்பதற்கு ஒரு வடிவம் வேண்டியிருந்தது. பழைய வெசாக் விகாரைக்குள் நடப்பது: பூவும் விளக்கும் வைத்துச் சீலம் எடுத்துப் பண எனும் அறவுரை கேட்பது. நகரத்து வெசாக் வெளியே பார்ப்பதாக மாறியது. வீட்டு வாசலில் ஈர்க்கிலும் மூங்கிற் சிம்பும் கட்டி மெல்லிய வண்ணக் கடதாசி ஒட்டிய வெளிச்சக்கூடு தொங்கியது. அவற்றில் எட்டு முகம் கொண்ட அட்டபட்டமதான் மூத்தது. பாதைக்குக் குறுக்கே மூங்கிலால் வளைவு கட்டித் தேங்காயெண்ணெய் விளக்கு வரிசைகளை ஏற்றினார்கள். விகாரை வாசல்களில் மகர தோரணம் முன்பே இருந்தது. இரு பக்கமும் வாய் பிளந்த மகரமும் உச்சியில் யாளி முகமும் உள்ள அந்த வளைவைத் தமிழ்நாட்டுக் கோயில்களிலும் காணலாம். தெருத் தோரணத்தின் உருவமும் அதன் சாயலிலேயே வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் சப்பரம் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டு முறை அந்நியமாகத் தெரியாது. அங்கே உயரமான சோடினை இழுபட்டு வரும், இங்கே அது நிலத்தில் ஊன்றி நிற்கும்.

எண்ணெய் விளக்கால் ஒளி தர முடியும், கதை சொல்ல முடியாது. அதற்கு மின்சாரம் வேண்டும். இலங்கையில் மின்விளக்கு முதலில் எரிந்தது 1895இல், கொழும்புக் கோட்டையின் பிரிஸ்டல் ஹோட்டலில். பவுஸ்டெட் சகோதரர்கள் நிறுவனம் அதை அமைத்தது. நகரத் தெருக்களுக்கும் கடைகளுக்கும் அது மெல்ல மெல்லத்தான் பரவியது. 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது மின்சாரம் மலிந்தது. ஆறு ஆண்டு கழித்து, 1956இல், புத்தர் பரிநிர்வாணமடைந்த 2500ஆவது ஆண்டு வந்தது. புத்த ஜயந்தி என்று அரசே முன்னின்று நடத்திய கொண்டாட்டம் அது. மின்தோரணத்துக்கு வேண்டிய பணமும் ஆளும் பார்வையாளர் கூட்டமும் ஒன்றாகக் கூடிய காலம் என்று அந்தப் பத்தாண்டைச் சொல்லலாம்.

ஒளியை ஓடவைத்த பொறி மிக எளிமையானது, அதனால்தான் மெச்சத்தக்கது. தோரணத்தின் பின்னால் சிறு கொட்டிலில் ஒரு மர உருளை கிடையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் மேல் செப்புத் தகடுகளை நீளமும் குட்டையுமாக வெட்டி, ஒன்று தொடங்குமிடம் மற்றொன்று முடியுமிடம் என்று கணக்குப் பார்த்து ஆணியடித்திருப்பார்கள். உருளையின் நெடுக, ஒவ்வொரு தகட்டு வரிசைக்கும் ஒன்றாக, வில்போல வளைந்த உலோக நாக்குகள் உரசிக்கொண்டிருக்கும். சிறிய மோட்டார் உருளையைச் சுற்றும்போது தகடு பட்ட நாக்கில் மின்சாரம் ஓடும், வெறும் மரம் பட்ட நாக்கில் நின்றுவிடும். ஒரு நாக்குக்கு ஒரு குமிழ் வரிசை. மூன்று வரிசைகளை மாறி மாறி எரித்தாலே ஒளி வட்டமாகச் சுற்றும், அருவியாக இறங்கும், தாமரையாக விரியும். தொடுமிடங்களில் நீலப் பொறி பறக்கும், செம்பு கரிந்து கறுக்கும், அதனால் இரவு முழுவதும் ஒருவர் அருகிலேயே நின்று நாக்குகளைத் துடைத்துச் சரிசெய்ய வேண்டும். வண்ணக் குமிழ் வாங்கப் பணமில்லாதவர்கள் சாதாரணக் குமிழ்களைச் சாயத்தில் தோய்த்துக் காயவைத்தார்கள். முன்னால் நின்று பார்ப்பவருக்குத் தெரியும் கோலமெல்லாம் அந்த உருளையில் ஆணியாலும் தகட்டாலும் முன்கூட்டியே எழுதப்பட்டது. கணினிக்கு நிரல் எழுதுவதும் அடிப்படையில் இதே வேலைதான்.

அசையாத குமிழ்கள் அசைவதாகத் தெரிவதற்குக் காரணம் பார்ப்பவரின் கண்ணும் மூளையும். பக்கத்துப் பக்கத்திலுள்ள இரண்டு விளக்குகள் குறுகிய இடைவெளியில் ஒன்று அணைந்து மற்றொன்று எரிந்தால், ஒரே ஒளி இடம் மாறியதாக மனம் எடுத்துக்கொள்ளும். இந்த விளைவை உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912இல் ஆராய்ந்து எழுதினார். அசைவூட்டப் படம் நம்மை நம்பவைப்பதும் ஏறக்குறைய இவ்வழியில்தான். தோரணம் கட்டிய மின்வினைஞர்கள் உளவியல் படித்தவர்களல்லர். இருளில் நின்று பார்த்துப் பார்த்து, தகட்டை அரை அங்குலம் கூட்டியும் குறைத்தும், எந்த வேகத்தில் ஒளி ஓடும், எந்த வேகத்தில் வெறுமனே மினுங்கும் என்று கண்டுகொண்டவர்கள். இந்த அறிவு புத்தகத்தில் ஏறவில்லை, கையிலிருந்து கைக்குப் போனது.

இனிக் கதைகள். தோரணத்துக்கு ஒரு கதை தெரிவாகும். சில வேளை புத்தர் வரலாற்றிலிருந்து, சில வேளை படாசாரா, அங்குலிமாலர் போன்ற சீடர்களின் வாழ்க்கையிலிருந்து, பெரும்பாலும் ஜாதகக் கதைகளிலிருந்து. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் இக்கதைகள் பாளித் தொகுப்பில் 547. 14ஆம் நூற்றாண்டில், குருநாகல் அரசுக் காலத்தில், இவை சிங்கள உரைநடைக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஒரே அமைப்பு: நிகழ்காலத்தில் ஒரு சம்பவம், அதை விளக்கப் பழம்பிறவியில் ஒரு கதை, முடிவில் அன்று இன்னாராக இருந்தவர் இன்று இன்னார் என்ற இணைப்பு. நாயகன் ஒருவனே, உடல் மட்டும் மானாக, குரங்காக, வணிகனாக, அரசனாக மாறிக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் நுழைந்தாலும் புரிந்துவிடும் தொடர்கதை இது. தெருவில் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு நகரும் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைப்பது அரிது.

கட்டுப்பாடான சமயக் கதைகள் மட்டுமே இவற்றில் இருக்கும் என்று நினைப்பவர் உம்மக்க ஜாதகத்தைப் படிக்க வேண்டும். மிதிலையின் வேதேக அரசனிடம் சேனகன், புக்குசன், காவிந்தன், தேவிந்தன் என்று நான்கு பண்டிதர்கள். ஊர்ப்புறத்தில் பிறந்த மஹௌஷத என்ற சிறுவன் அந்த நால்வரையும் அறிவால் திணறடிக்கிறான். ஒரே குழந்தைக்குத் தாயும் யட்சினியும் உரிமை கோரும் வழக்கு அவனிடம் வருகிறது. எட்டு வளைவுள்ள துளை கொண்ட மணியில் நூல் கோக்க வேண்டும் என்றால், துளையின் இரு முனைகளிலும் நூல் நுனியிலும் தேன் தடவி எறும்புகளே நூலை இழுத்துச் செல்ல விடுகிறான். அவன் மனைவி அமராதேவியோ இன்னும் ஒருபடி மேலே. தன்னை நாடி வந்த பண்டிதர் நால்வரையும் மலக்குழியில் விழுத்தி, தலையை மழித்து, பாயில் சுருட்டி அரசவைக்கே அனுப்பிவைக்கிறாள். சிரிக்கவைக்கும் இந்தக் காட்சிக்குப் பின்தான் கதையின் வியப்பான பகுதி. பகை அரசனிடமிருந்து வேதேகனை மீட்க மஹௌஷத நிலத்தடியில் ஒரு சுரங்கம் அமைக்கிறான். அதில் 80 பெரிய கதவுகள், 64 சிறிய கதவுகள். ஒரு முளையை அழுத்தினால் எல்லாம் ஒன்றாக மூடும், ஒன்றாகத் திறக்கும். விளக்கு மாடங்களும் அப்படியே, ஒன்றைத் திறந்தால் அத்தனையும் திறந்து சுரங்கம் முழுவதும் வெளிச்சமாகும்.

பொறியியற் கனவும் நகைச்சுவையும் கலந்த இப்படியொரு கதையைப் பண்டிகைக்காகப் படமாக்குவது கொழும்புக்கு மட்டும் உரிய ஆசையல்ல. 1999 டிசம்பர் 19இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'ஃபியூச்சராமா' என்ற அறிவியற்புனைவு நகைச்சுவை அசைவூட்டத் தொடர் தன் முதல் கிறிஸ்மஸ் அத்தியாயத்தை ஒளிபரப்பியது. கதை நடப்பது கி.பி. 3000ஐ ஒட்டிய காலத்தில். பரிசு கொடுக்கச் செய்யப்பட்ட இயந்திர நத்தார் தாத்தா, நிரலில் நேர்ந்த பிழையால் எல்லோரையும் கெட்டவர்களென்று தீர்ப்பளித்து வேட்டையாடுகிறது. அங்கே இயந்திரம் மனிதனை நியாயம் தீர்க்கிறது, உம்மக்க ஜாதகத்திலோ மனிதனின் அறிவுக்கு இயந்திரம் பணிகிறது. இதற்கு நான்கு நாள் முன்னர், டிசம்பர் 15இல், ஐ.நா. பொதுச்சபை வெசாக் நாளை உலக அளவில் ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. அதற்காக முன்னின்று உழைத்தவர் இலங்கையின் அன்றைய வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர், ஒரு தமிழர்.

கொழும்பை அடுத்த களனிக்கு இந்தப் பண்டிகையில் தனியிடம் உண்டு. மகாவம்சத்தின்படி புத்தர் ஞானம் பெற்ற எட்டாம் ஆண்டு வைகாசிப் பௌர்ணமியில்தான், நாக அரசன் மணியக்கிகனின் அழைப்பை ஏற்றுக் களனிக்கு வந்தார். அதற்கு முந்திய வருகை நாகதீபத்துக்கு. அங்கே மணியாசனம் ஒன்றுக்காகப் போரிட்ட இரண்டு நாக அரசர்களை அவர் சமாதானப்படுத்தினார். அந்த ஆசனத்தின் கதையைத் தமிழர் மணிமேகலையின் மணிபல்லவக் காட்சியில் அறிவர். ஓவியர் சோலியஸ் மெண்டிஸ் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் களனி விகாரையின் சுவர்களில் இந்த வருகைகளைத் தீட்டினார். அளவும் அமைதியும் கொண்ட கோடுகள் அவருடையவை. வெசாக் இரவில் களனிக்குப் போகும் கூட்டம் தொட்டலங்கவில் ஆற்றைக் கடக்கும். 1822இலிருந்து அங்கே தோணிகளைச் சேர்த்துக் கட்டிய பாலம் இருந்தது. 1895இல் அதன் இடத்துக்கு விக்டோரியா பாலம் வந்தது. விகாரைக்கு நடந்து போகிறவர்களின் வழி இதுவென்பதால், பெயர்பெற்ற தோரணங்கள் கிராண்ட்பாஸ், தொட்டலங்க, பேலியகொடை என்று இந்தப் பாதை நெடுகிலும் எழுந்தது இயல்பே. தெமட்டகொடையும் பொரளையும் மறுபக்கத்துப் போட்டியாளர்கள்.

தோரணச் சித்திரம் மெண்டிஸின் வழியைப் பின்பற்றவில்லை. அதன் வேர் நாடக மேடையில். மருதானையில் 1911இல் திறந்த டவர் மண்டபத்தில் நூர்த்தி எனும் இசை நாடகங்கள் நடந்தன. அரண்மனைத் தூணும் தொங்கும் திரையும் ஆழம் காட்டும் தோட்டமுமாக வரைந்த படுதாக்கள் அதற்குத் தேவைப்பட்டன. அப்படிப் படுதா எழுதியவர்களுள் எம். சார்லிஸ் முதன்மையானவர். அவர் தீட்டிய புத்தசரிதப் படங்கள் அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கின. நம் வீடுகளில் ரவிவர்மா படங்கள் பிடித்த இடத்தை அவை சிங்கள வீடுகளில் பிடித்தன. தோரணத்தில் வரும் அரசனின் கிரீடமும் அழகியின் ஒட்டியாணமும் அந்த வழியில் வந்தவை. கலை விமர்சகர்கள் இவற்றை மலிவான பாணி என்று ஒதுக்கியதுண்டு. அது சரியான அளவுகோல் அல்ல. அறுபது அடி தள்ளி, நெரிசலில், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு முகபாவமும் சைகையும் உடனே பிடிபட வேண்டும். அழுத்தமான வண்ணமும் மிகையான அங்க அசைவும் அந்தத் தூரத்துக்கென்றே வரைந்தவை.

தமிழ்க் குடும்பங்களும் இந்தக் கூட்டத்தில் இருந்தன. தோரணக் கவி சிங்களத்தில்தான். ஆனால் படம் வரிசையாக ஒளிரும்போது கதையின் போக்குக்கு மொழி அதிகம் தேவைப்படுவதில்லை. கொட்டாஞ்சேனைக்காரருக்கு இது நடைதூரத்துக் காட்சி. வெள்ளவத்தையிலிருந்து பஸ் பிடித்துப் பொரளை வரை வந்து, அங்கிருந்து நடந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். வழியில் தன்சல்: பசித்தவர் யாரென்று கேட்காமல் சோறும் கடலையும் சர்பத்தும் இலவசமாகக் கொடுக்கும் பந்தல். வரிசையில் நின்றால் போதும். இன்று தன்சல் நடத்துவோர் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். இறைச்சிக் கடையும் மதுக்கடையும் அந்நாட்களில் மூடியிருக்கும்.

இந்த நெருக்கத்தை 1983 யூலை அறுத்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அடுத்த இருபத்தாறு ஆண்டுப் போரில் கூட்டம் சேரும் இடமெல்லாம் சோதனைச் சாவடிக்கு உட்பட்டது. அடையாள அட்டையில் தமிழ்ப்பெயர் இருந்தவர்களுக்கு இரவு நடையே ஆபத்தாகிவிட்ட காலத்தில் தோரணம் பார்ப்பது எப்படி? போர் ஓய்ந்து பத்து ஆண்டில் இன்னோர் அடி விழுந்தது. 2019 ஏப்ரல் 21, மறுபடியும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் வேறு இடங்களிலும் குண்டுகள் வெடித்தன. ஒரு மாதத்துக்குள் வந்த வெசாக் பாதுகாப்பு நெருக்கடிக்கிடையே ஆரவாரமின்றி நடந்தது. 2020இலும் 2021இலும் கொரோனா, 2022இல் பொருளாதார வீழ்ச்சியும் மின்வெட்டும். தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வேலை சரிவர இல்லாமல் போனது தோரணக் கலைஞர்களைக் கடுமையாகப் பாதித்தது. ஆண்டுக்கு ஒரே பருவம் உள்ள தொழில் அது.

தொலைக்காட்சி தோரணத்தை அழிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அங்கே டைட்டஸ் தொட்டவத்த வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரலும் குறும்பும் கொடுத்து ஒரு தலைமுறைப் பிள்ளைகளை வசப்படுத்தினார். பக்ஸ் பன்னி முயல் சிங்களத்தில் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது அவர் கையால்தான். அசையும் படம் வீட்டுக்குள் வந்தபின்னும் மக்கள் வெசாக் இரவில் தெருவுக்கு இறங்கினார்கள். உருவத்தின் பருமனும் கூட்டத்தோடு நிற்கும் அனுபவமும் சின்னத்திரையில் கிடைக்காதவை.

தொழில்நுட்பம்தான் கலையை உள்ளிருந்து மாற்றியது. மர உருளையின் இடத்தில் மின்னணுச் சுற்றுகள் வந்தன. பிறகு எல்.இ.டி. விளக்குகளும் அவற்றை இயக்கும் சிறு கணினிச் சில்லுகளும் வந்தன. மின்செலவு பெருமளவு குறைந்தது, நிறமாற்றம் எல்லையற்றதானது. மூங்கிலும் பாக்குமரமும் இருந்த இடத்தில் பல தோரணங்களுக்கு இரும்புக் குழாய்ச் சாரம். ஹுணுப்பிட்டிய கங்காராம விகாரையை ஒட்டிப் பேரை ஏரிக்கரையில் நடக்கும் 'புத்த ரஷ்மி' வெசாக் வலயம் போன்ற ஏற்பாடுகள் கூட்டத்தை ஒரே இடத்துக்கு இழுக்கின்றன. சந்தித் தோரணத்தை வழக்கம்போல ஊர்ச்சங்கங்களும் வியாபாரிகளும் பணம் சேர்த்து எழுப்புகிறார்கள். செலவின் ஒரு பகுதியை விளம்பரதாரர் ஏற்கும்போது அவர் பெயரும் விளக்கில் எரிகிறது. கையால் தீட்டிய பலகைகளோடு கணினியில் அச்சிட்ட பதாகைகளும் கலந்துவிட்டன. சித்திரக்காரரின் கூலியை மிச்சப்படுத்தும் இந்த வழி, ஒவ்வொரு தோரணத்துக்கும் தனிமுகம் தந்த கையெழுத்தையும் கூடவே எடுத்துவிடுகிறது. பலகைகளைப் பழையபடி தூரிகையால் எழுதுவிக்கும் சங்கங்கள் இன்னும் இருக்கின்றன. வெசாக்குக்குப் பல வாரங்களுக்கு முன்பே சித்திரக்காரரையும் மின்வினைஞரையும் பேசிவைத்து, கதையைப் படங்களாகப் பகுத்து, எந்தப் படத்துக்கு எத்தனை குமிழ் என்று கணக்கிட்டு அவர்கள் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள்.